சுண்ணாம்பு வட்டம்

பரவையில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் சோணைக்கு வலது கையில் இரண்டு விரல்தான். மற்ற மூன்றையும், தம்பி கருத்தக்கண்ணனையும் ஒரே நாளில் ஒரு மூடிய சிலிண்டர் கொண்டுபோனது. பித்தளை வால்வுக்கு ஆசைப்பட்டுத் தம்பிதான் சுத்தியலால் தட்டினான். அன்றிலிருந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எது வந்தாலும் சோணை அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுத் தனியே வைத்துவிடுவார். வட்டம் போட்டதை யாரும் தொடக்கூடாது. எதிரே டீ ஆற்றும் நான் உட்பட எல்லாருக்கும் அது தெரியும்.

தெரியாதவன் ஹரிஷங்கர், சமயநல்லூர்ப் பக்கம் மூடிக்கிடக்கும் மில்லில் படம் எடுக்க வந்த டைரக்டர். வேற்றுக்கிரகவாசிகள் விட்டுப்போன ஆபத்தான பொருட்களைப் பொறுக்கி வயிறு வளர்க்கிறவர்களின் கதையாம். அதில் ஒரு பொருள், தொட்டவனின் அடிமனத்து ஆசையை நிறைவேற்றுமாம்.

"மனுஷன் உண்மையிலேயே என்ன கேக்குறான்? அதாண்ணே படம்" என்று என் பெஞ்சில் உட்கார்ந்து சோணையிடம் அளந்தான். டீ நன்றாயில்லை என்று பாதியைக் கீழே ஊற்றினான். அப்போதே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

சோணை ஆரப்பாளையம் போயிருந்த நேரத்தில், படத்துக்கென்று வாடகைக்குப் பேசிவைத்த காலி சிலிண்டர்களை அவன் ஆட்கள் வண்டியில் அள்ளிப்போனார்கள். திரும்பிவந்த சோணை, வட்டம் போட்டதையும் காணாமல் என் கடைக்கு ஓடிவந்தார். என் பைக்கில்தான் மில்லுக்குப் பறந்தோம்.

அங்கே இருபது சிலிண்டர் கிடந்தது. இருபதிலும் வெள்ளை வட்டம்! சோணையின் வட்டம் பார்க்க நன்றாயிருக்கிறதென்று மற்றவற்றிலும் பெயிண்டால் போட்டு வைத்திருக்கிறான், பாவி. ஹீரோ ஒன்றின்மேல் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான்.

"டேய், அடிக்காதடா!"

சோணை கத்திக்கொண்டே ஓடி அதன்மேல் விழுந்தார். வட்டத்தை இரண்டு விரலால் தேய்த்தார். காய்ந்த பெயிண்ட் என்றால் ஒட்டாது. விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

ஹீரோ சுத்தியலோடு பின்வாங்கினான். ஹரிஷங்கர் மட்டும் கைதட்டினான். "பிரமாதம்ணே, அந்தப் பயம்! இன்னொரு தடவை அதே மாதிரி, கொஞ்சம் கேமரா பக்கம் திரும்பி..."

அறையலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. சோணை மெதுவாக எழுந்தார்.

"மனுஷன் என்ன கேக்குறான்னு கேட்டீகளே சார். எந்தம்பி ஒரு பித்தளை வால்வுதான் கேட்டான். அம்புட்டுத்தான்."

சோணை மற்ற சிலிண்டர்களைக் கைகாட்டினார்.

"மிச்சம் பத்தொம்பதுலயும் வட்டத்தச் சுரண்டிட்டுக் கொண்டாந்து எறக்குங்க. பொய் வட்டம் நாலு பாத்தவன் நெச வட்டத்த நம்புவானா?"

சுரண்டி முடிக்கும்வரை சோணை அங்கிருந்து நகரவில்லை. சிலிண்டர்களைக் கொண்டுவந்து இறக்கியபின் ஒருவன் என் கடையில் டீ கேட்டான். நான் போடவில்லை.