பொனேல் சாமியாரின் முகம்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற எலினாவுக்கு வயது நாற்பத்தொன்பது. முழுப்பெயர் எலினா பொனேல். பெயரில் ஒட்டியிருக்கும் இந்த வாலைக் கேட்டு யாரும் சும்மா போனதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்த டீச்சர் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டுதான் வாசிப்பார். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரோ, "பொனேல்ங்கிறது வீட்டுக்காரர் பேராம்மா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் பெயர் காளிராஜ். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மினிபஸ் ஓட்டுகிறார். பிரான்ஸ் தேசத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம் எலினாவைக் கட்டியதுதான்.

எலினா பிறந்தது செட்டியார்பட்டியில். அங்கே கிணற்றடிக் கோயில் என்று சின்னதாக ஒரு மாதா கோயில் உண்டு. அதன் பக்கத்தில் பொனேல் சாமியாரின் கல்லறை. காலரா வந்த வருஷம் அந்தப் பிரெஞ்சுக்காரச் சாமியார் வேதக்காரக் கிறிஸ்தவர் வீடு, மற்றவர் வீடு என்று பாராமல் புகுந்து, தாய் தகப்பனே தொடப் பயந்த பிள்ளைகளை மடியில் போட்டுக் கஞ்சித்தண்ணீர் ஊட்டினாராம். கடைசியில் அவரையும் காலரா கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து ஊரில் ஒரு வழக்கம். பிழைக்காது என்று கைவிட்ட பிள்ளை பிழைத்துக்கொண்டால், கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லின் மேல் கிடத்தி, பொனேல் என்கிற பெயரையும் சேர்த்து வைத்துவிட வேண்டும். எலினா ஏழு மாதத்தில் பிறந்தவள். பெரிய டாக்டரே உதட்டைப் பிதுக்கிய பிள்ளை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசைதான். தான் யாருடைய பெயரைச் சுமக்கிறோமோ அந்த மனிதரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஆனால் படம் எங்கேயும் கிடையாது. பிஷப் அலுவலகம் வரை எழுதிக் கேட்டும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற ஜெமி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வழி காட்டிக் கொடுத்தாள். பிரான்ஸ் நாட்டு நூலகங்கள் தங்களிடமுள்ள பழைய படங்களையெல்லாம் இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன, பெயரை அடித்தால் வரும் என்றாள். எலினா பொனேல் என்று அடித்தாள். பொலபொலவென்று வந்து விழுந்தன படங்கள். தாமிரத் தகட்டில் செதுக்கி அச்சடித்த, தொலைநோக்கி பிடித்த கப்பல் கேப்டன் பொனேல். தன்னைவிடப் பெரிய குடையோடு நிற்கும் பொனேல் சீமாட்டி. பொனேல் தொப்பிக்கடை. மீசை முறுக்கிய சைக்கிள் பந்தயக்கார பொனேல். கரண்டியும் குல்லாவுமாக ஒரு சமையல்காரர். சாமியாரைத் தவிர மற்ற எல்லாரும் இருந்தார்கள்.

இருந்தாலும் அவளுக்கு அவர்களை விட மனசில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கலர் பிரிண்ட் கடை வைத்திருக்கும் ஹரிகிருஷ்ணனிடம் ஒவ்வொன்றாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கேப்டன் வாசலைப் பார்த்தபடி நின்றார். சீமாட்டி பீரோவுக்குப் பக்கத்தில். சமையல்காரர் மிக்சிக்கு மேலே.

"ஏட்டி, எங்க ஆளுகளுக்கு ஒரு காலண்டர் மாட்ட ஆணி கெடையாது. உங்க ஆளுக மட்டும் செவுரு பூரா நிக்காவ" என்பார் காளிராஜ்.

இந்த வருஷம் சாமியார் இறந்து நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு. விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மறுபடி தேடிய எலினாவின் போனில் அந்தப் படம் வந்தது. நீள அங்கி, கையில் சிலுவை, நெஞ்சு வரை தாடி, கீழே பொனேல் என்று எழுத்து. எலினா கம்பெனி என்றும் பாராமல் ஓவென்று அழுதாள். ஜெமி பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். பங்குச்சாமியார் அருளப்பன் அந்த வாரப் பூசையிலேயே அறிவித்துவிட்டார். ஞாயிறு மாலை பொனேல் சாமியாரின் படத்தை எலினா திறந்து வைப்பாள் என்று அழைப்பிதழும் அடித்து வீடு வீடாகப் போய்விட்டது. எலினாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

விழாவுக்கு மூன்று நாள் இருக்க, காளிராஜ் அடுப்படியில் நின்று காபி குடித்துக்கொண்டே அழைப்பிதழில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு மிக்சிக்கு மேலே பார்த்தார். மறுபடியும் அழைப்பிதழைப் பார்த்தார்.

"ஏட்டி, இங்க வா. சாமியாருக்கும் சமையல்காரருக்கும் மூக்கு ஒண்ணு போல இல்ல?"

"வெள்ளக்காரவிய எல்லாருக்கும் அப்பிடித்தாங்க இருக்கும்."

"இடது புருவத்துல வெட்டுத் தழும்புமா?"

எலினா ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். அதே தழும்பு. போனை எடுத்து, படத்துக்குக் கீழே இருந்த பிரெஞ்சு எழுத்து முழுவதையும் முதல்முறையாகத் தமிழாக்கிப் பார்த்தாள். அதுவரை பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் மீதி எழுத்தை அவள் கண்டுகொள்ளவே இல்லை. நடிகர் பொனேல், கேலி நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், சாமியார் வேடத்தில் என்று வந்தது. சமையல்காரர் அதே ஆள் இன்னொரு நாடகத்தில் போட்ட வேடம்.

காளிராஜ் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிற்று. "சரி, விடு. நீயும் நானும் சொல்லாட்டா யாருக்குத் தெரியும்? அம்புட்டு சனமும் சந்தோசமாக் கும்பிட்டுட்டுப் போகும்."

"ரோல்ல ஒரு இழை விட்டுப்போனாலே தூக்கி ஓரமா வைக்கேன் நான். இங்க ஆளே வேற ஆளுங்க. நான் எப்பிடித் தொறந்து வைப்பேன்?"

மறுநாள் காலை முதல் வேலையாக அருளப்பன் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இளவயதுச் சாமியார் அவர். முதலில் அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பத்திரிகை போயிட்டே எலினாம்மா. பெரிய பிரேமும் செஞ்சு வந்துட்டு. வெறும் பிரேமையா தொறக்க?"

ஊர் முழுக்கச் சிரிக்கப்போகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இத்தனை வருஷம் தேடியும் அந்த முகம் கடைசிவரை கிடைக்காமலே போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிரிண்டை நிறுத்தச் சொல்ல மடவார் வளாகத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஹரிகிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டான். மேஜை டிராயரைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பொனேல் ஹரிகிருஷ்ண ராஜா என்று இருந்தது.

"ஏன் தம்பி, இத்தன நாளு சொல்லல?"

"காலேஜ்ல ரொம்பக் கிண்டல் பண்ணிட்டாங்கக்கா. அதான் கடை போர்டுல போடல. எங்கம்மா செட்டியார்பட்டிதான். மூணு வயசுல மூளைக்காய்ச்சல் எனக்கு. பொழச்ச பொறவு அந்தக் கல்லுல போட்டு எடுத்திருக்காங்க. என்னை மாதிரி எம்புட்டுப் பேரு இருப்பாங்களோ!"

எலினா அட்டையில் இருந்த அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கேயே நின்றபடி அருளப்பன் சாமியாருக்குப் போன் போட்டாள். "சாமி, பிரேமுக்குப் படம் இருக்கு. ஆனா இன்னும் எடுக்கல."

அன்று சாயங்காலமே கோயில் மைக்கில் அறிவிப்பு வந்தது. வாட்ஸ்அப்பில் அது கிளை கிளையாகப் போயிற்று. பொனேல் என்று பெயருள்ளவர்கள் எந்த மதமானாலும் சரி, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிணற்றடிக்கு வர வேண்டும். அதே அறிவிப்பில் நாடகக்காரர் கதையையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லிவிட்டாள் எலினா. ஊர் சிரித்தது. அதனாலேயே சேதி இன்னும் வேகமாகப் பரவியது.

பத்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தாள். ஆறரைக்கே நாற்பது பேர். மில் முதலாளி ஒருவர் காரில் வந்து இறங்கினார், அவர் மில்லிலேயே வேலை பார்க்கிற ஐயாதுரை பொனேல் சைக்கிளில் வந்தார். இருவருக்கும் மற்றவரும் பொனேல்தான் என்பது அன்றைக்குத்தான் தெரியும். பிளவக்கல் அணையில் வாட்ச்மேனாக இருக்கும் சந்தனம் பொனேல் யூனிபார்மோடு வந்தார். விபூதிப் பட்டையோடு ஒரு பொனேல், ஜெபமாலையோடு ஒரு பொனேல். எலினாவையும் ஹரிகிருஷ்ணனையும் சேர்த்துக் கல்லறையைச் சுற்றி அறுபத்திரண்டு பேர். ஹரிகிருஷ்ணன் கேமராவைத் தூக்கியதும் கூட்டம் கத்தியது. "ஏலே, நீயும் பொனேல்தான! உள்ள வா!"

"குடுப்பா இங்க. இம்புட்டுப் பேருல பேரு சரியில்லாதவன் நான் ஒருத்தன்தான்" என்று காளிராஜ் கேமராவை வாங்கிக்கொண்டார்.

அவர் ஒரு கண்ணை மூடிய நேரத்தில், பின்னாலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. பாண்டிசெல்வி என்று பெயர் சொன்னாள். "பெரியாஸ்பத்திரியில நாப்பது நாளு கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்துச்சுக்கா. நேத்துதான் டாக்டரு இனிமே பயமில்லன்னாவ. இன்னும் கல்லுல போடல, பேரும் வைக்கல. இவளும் நிக்கலாமா?"

எலினா குழந்தையை வாங்கிக் கல்லறை மேல் கிடத்தினாள். பொனேல் என்று மூன்று தடவை காதில் சொன்னாள். குழந்தை காலை உதைத்து, அறுபத்திரண்டு பேரையும் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

"எங்க கடைப்பக்கம் வைத்தியநாதர் கோயில்ல நாயன்மார் நிக்க மாதிரி அறுபத்து மூவர் ஆயிட்டோம்க்கா!" என்றான் ஹரிகிருஷ்ணன். எல்லாரும் சிரித்தார்கள். காளிராஜ் அந்தச் சிரிப்பைப் பிடித்துவிட்டார்.

மாலையில் எலினா திரையை விலக்கினாள். பெரிய பிரேமுக்குள் அறுபத்து மூன்று முகங்கள், நடுவில் கல்லின் மேல் குழந்தை. கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "எல்லாம் சரிதான். இதுல சாமியாரு எங்கம்மா?"

எலினா மைக்கைப் பிடித்தாள். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவள். "இதுல நிக்க ஒவ்வொருத்தரும் ஒருநாளு, இனி பொழைக்காதுன்னு பெத்தவ அழுத பிள்ளைக" என்றாள். கல்லின் மேல் கிடந்த குழந்தையைக் கை நீட்டிக் காட்டினாள். கேட்டவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

நாடகக்காரரின் சாமியார் படத்தை எலினா தூக்கிப் போடவில்லை. மிக்சிக்கு மேலே, சமையல்காரருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். ஆணி அடித்துக் கொடுத்தவர் காளிராஜ்.