வால் பக்கத்தில் மூன்று தட்டு

இது நடந்தது. வீட்டைப் பூட்டி, பாதித் தெரு போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். அன்றிரவு கேட்டது, மாலை வகுப்பு முடித்து வேலைக்கு வந்த அலுப்பில் தோன்றிய பிரமை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பறக்கும் முன் ஹெலிகாப்டர் வயரிங்கைச் சோதித்துக் கையெழுத்திடுவது என் வேலை. அன்று நோயாளிகளை ஏற்றும் ஹெலிகாப்டர். விடிந்ததும் பறக்க வேண்டும். நான் அதன் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகப் பார்ப்பேன். மேலே கேபினில் ஒல்லியாக இருப்பதால் 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் வாங்கிய மெக்கானிக் அண்ணன் தரைத்தகட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிய இடத்தில் பார்க்க வேண்டும். கத்தினால் ஹேங்கர் கொட்டகையில் எதிரொலிதான் மிஞ்சும். அதனால் இந்த வழக்கம்.

இரவு 11.40. டக் டக். பார்த்தேன். சரி.

டக் டக். சரி.

டக் டக் டக்.

மூன்று தட்டு எங்களுக்குள் கிடையாது.

"என்னண்ணே, தாளம் போடறீங்க?"

மறுபடியும் மூன்று… வால் பக்கத்திலிருந்து. கண்ணாடியை அங்கே நீட்டினேன். உறை தேய்ந்த ஒரு வயர், எரிபொருள் குழாய்மேல் உரசிக்கொண்டு, செம்பைக் காட்டி இளித்தது.

வெளியே ஊர்ந்து வந்தேன். அண்ணன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர்.

"ரெண்டு எடம் தட்டிட்டு அப்பவே வந்துட்டேனேம்மா."

கேபினில் யாரும் இல்லை.

வயரைப் பற்றிச் சொன்னேன். மேனேஜர், ஹெலிகாப்டரின் கேபினை நோக்கி நடந்தார். "அடுத்த தடவை மாத்திக்கலாம். நான் பவர் போடறேன், பாத்துட்டு கையெழுத்து போடு."

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன்முன் நின்றேன். "போட மாட்டேன் சார். பவரும் போட விட மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"யார நம்பி இவ்ளோ திமிரு?"

டக்.

டக்.

டக்.

மூவருக்கும் கேட்டது.

மேனேஜர் ஓடவில்லை. நடந்தார். ரொம்ப வேகமாக, வாசலைப் பார்த்து.

வயரை மாற்றிய பிறகே கையெழுத்திட்டேன்.

ஒரு வாரம் கழித்து, முன்பு இங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவருக்கு அண்ணன் போன் போட்டார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூணு தட்டா? அது எங்க பழைய வழக்கம்ப்பா. 'உள்ள ஆள் இருக்கேன், பவர் போடாதே'ன்னு அர்த்தம்." அவரே தொடர்ந்தார். "ஒருத்தன் தட்டினான். அவசரத்துல யாரும் காதுல வாங்காம பவர் போட்டுட்டாங்க… அந்த ஹெலிகாப்டர்ல வால் மட்டும்தான் எரியாம தப்பிச்சுது. அதைத்தான் உங்க வண்டியில மாட்டியிருக்கு."

நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். பவர் போடும் முன் வாலில் மூன்று தட்டுத் தட்டிக் காத்திருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நேற்று பதில் வந்தது.

கையெழுத்துப் போடவில்லை.