மதினி கேட்டு வாங்கிய கெட்ட பெயர்

மதினியின் கடை வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி, நிறைய நல்ல தண்ணீர். விடியும் முன்னே உப்பளத்தில் இறங்கியவர்கள் மதியம் அங்கே வந்து, வெடித்த கைகால்களில் ஒட்டிய உப்பைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். குடிக்கவே நல்ல தண்ணீர் தட்டுப்பாடான தூத்துக்குடியில் ஒருவர் அதைக் கால் கழுவக் கொடுக்கிறார் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் மதினி; நாங்கள் எல்லோரும் அவருக்குக் கொழுந்தன்மார்.

எங்கே என்ன சாப்பிடலாம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் எழுதுவது அப்போது என் பிழைப்பு. மதினி கடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. காலை ஏலத்தில் எடுத்த சாளை மீனில் ஒரு பானைக் குழம்பு, சோறு, ஒரு பொரியல். மிளகாயைக் குறைத்துத் தேங்காயைக் கூட்டி அரைத்த அந்தக் குழம்பை, ‘அதட்டாத ருசி’ என்று புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். வெடித்த விரல்கள் எரியக் கூடாது என்றுதான் அவர் மிளகாயைக் குறைத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை, தின்பதிலேயே குறியாக இருந்தேன்.

அடுத்த வாரமே கடை முன்னால் கார்கள் நின்றன. மதினி இன்னொரு பானை வைத்தார். இன்னும் நாலு கார் வந்தது. மாதம் ஒன்று கழித்து, எழுதிய பெருமையில் நான் போனபோது பானை இரண்டும் காலியாகிக் கவிழ்ந்து கிடந்தன. எதிர் டீக்கடையில் உப்பளத்துப் பெண்கள் இரண்டு பேர் டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மதினி என்னைக் கடைக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

“கொழுந்தனாரே, இங்க சோறு நல்லா இல்லன்னு எழுதிருங்க.”

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கார்க்காரர்களிடம் இல்லை என்று சொல்லிவிடலாமே என்றேன்.

“இலை முன்ன உக்காந்த ஆள எந்திரிங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவியளுக்கு நூறு கடை இருக்கு. இவளுவளுக்கு இது ஒண்ணுதான.”

பொய் எழுத மாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். நல்லா இருக்கு என்று எழுதும்போது யாருக்கு நல்லா இருக்கு என்று பார்த்தீர்களா என்று கேட்டார். அந்த வாரமே, பழைய பக்குவம் போய்விட்டது, குழம்பில் கவிச்சி அடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது, தெரிந்தால் திரும்ப வந்துவிடுவார்கள் என்று மதினி சத்தியம் வாங்கிக்கொண்டார். கார்கள் வருவது நின்றது. உப்பளத்து ஆட்கள் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். பிறகு பல வருடங்கள் நான் அங்கே சாப்பிட்டேன், ஒரு வரி எழுதவில்லை.

போன மாதம் மதினியின் பதினாறாம் நாள் விசேஷம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாகுபுரத்தில் கட்டிக்கொடுத்த அவர் மகள் பரிமாறிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள்.

“எங்கம்மா சோறு நல்லா இல்லன்னு எழுதினது நீங்கதான?”

ஆமாம் என்றேன். காரணத்தைச் சொல்ல, செய்த சத்தியம் விடவில்லை. அவள் குனிந்து, பாதி சாப்பிட்டிருந்த என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கோபமே வரவில்லை, அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடையை மூடிவிட்டார்கள். இனி காக்க வேண்டிய பந்தி எதுவும் அங்கே இல்லை. அதனால் எழுதுகிறேன், மகளே: நான் அன்று எழுதியது பொய். உன் அம்மா கேட்டுக்கொண்டதால் நான் எழுதிய பொய். குழம்பு கடைசி நாள் வரை நன்றாக இருந்தது.