கழிவு என்றால் என்ன என்று கேட்டவன்

செங்கல் சூளை கட்டினேன். சூளையை வைத்து லாரி வாங்கினேன், லாரியை வைத்துக் கல்யாண மண்டபம் கட்டினேன். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் மாடி போட்டுக் கட்டடம் எழுப்பினேன். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் சுடாத கல் மொத்தமும் கரைந்து சேறாய்ப் போனது. மறுபடியும் கல் அறுத்தேன். பேங்க் மேனேஜர் என்னை நிற்க வைத்தே பேசி அனுப்பினார். பிற்பாடு அவர் பெண் கல்யாணம் என் மண்டபத்தில்தான் நடந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இத்தனையும் செய்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். என் பேரின் முதல் எழுத்து ஒவ்வொரு செங்கல்லிலும் குழியாக இருக்கும்.

ஆனால் நான் கட்டினதிலேயே பெரியது செங்கல்லால் கட்டினது இல்லை. நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் புதுசாக வருகிற விதிமுறைகளை, வசதிகளை, வாயால் சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைக்கிற ஒரு கூட்டம். மாசாமாசம் சம்பள நாளில் நடப்பது. இன்றைக்கு மேல் அலுவலகமே அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறது. அது எங்கே, யாரால், யாருக்கு வந்த கஷ்டத்தில் ஆரம்பித்தது என்று யாரும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கட்டடத்தின் கீழ்த்தளத்தைக் கிளை நூலகத்துக்கு விட்டேன். துணிக்கடைக்காரர் ஒருவர் அதைவிட அதிக வாடகைக்குக் கேட்டு நடையாய் நடந்தார். நான் நூலகத்துக்குத்தான் கொடுத்தேன். அதற்காக என்னை வாசகர் வட்டத்துக்குத் தலைவர் ஆக்கினார்கள். ஊர் சிரித்தது.

"இன்னா தலைவரே, இந்த மாசம் எத்தினி புக்கு படிச்சே?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"நீ படிக்கறதுக்கு எடம் குட்த்தவன்டா நானு. நீ எத்தினி படிச்சே, சொல்லு" என்பேன். அடங்கிவிடுவார்கள்.

அந்தக் கிளை நூலகத்தின் கீழே கடற்கரை வரைக்கும் சின்னச் சின்ன நூலகங்கள் இருந்தன. பகுதிநேர நூலகம் என்பார்கள். ஓர் அறை, இரண்டு அலமாரி, காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். பார்த்துக்கொள்கிறவருக்குச் சம்பளம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிற ஒரு தொகை. மாசத்துக்கு ஒருநாள் எல்லாரும் என் கட்டடத்துக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, அதை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். கடலோரத்துக்குப் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது.

எல்லாக் கேடும் அந்த ஓட்டத்தில்தான். மேல் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். கிளை நூலகர் படிப்பார், ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போடுவார், தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பலகையில் குத்துவார். பழசின் மேல் புதுசு, அதன் மேல் இன்னும் புதுசு. பலகை மெத்தை மாதிரி உப்பிப் போயிருக்கும். அவர் நல்ல மனுஷர், படிப்பாளி. எழுதி ஒட்டிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று நினைக்கிற ரகம். உலகத்தில் முக்கால்வாசி அதிகாரிகள் அந்த ரகம்தான்.

பகுதிநேரம் பார்த்தவர்களில் ஒரு பெண். மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர் குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள், பத்தாவது வரை படித்தவள். புருஷன் படகு தள்ளும்போது இடுப்பில் அடிபட்டு, அதற்கப்புறம் கடலுக்குப் போக முடியாமல் வீட்டோடு கிடந்தான். குப்பத்தில் அவளுக்கு 'புக்கு அக்கா' என்று பேர். ஏலம் கூவுகிற இடத்தில்கூட அவள் வந்தால் ஆம்பிளைகள் கெட்ட வார்த்தையை நிறுத்துவார்கள். அந்த மரியாதை சம்பளத்தால் வந்தது இல்லை, அந்த அறைச் சாவியால் வந்தது.

ஒரு சம்பள நாளில், அவள் படியிறங்கி ஓடும்போது, கிளை நூலகர் மேஜையிலிருந்தே குரல் கொடுத்தார். "அம்மா, கிழிஞ்ச புத்தகத்தையெல்லாம் இந்த மாசத்துக்குள்ள கழிவு பண்ணணுமாம். சுற்றறிக்கை வந்திருக்கு."

"சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

நூலகத்துக்காரர்கள் பாஷையில் கழிவு என்றால் ஒரு முறை இருக்கிறது. கிழிந்ததைப் பிரித்தெடுத்து, பட்டியல் போட்டு, மேலே அனுப்பி, அங்கிருந்து உத்தரவு வந்த பிறகுதான் எதுவும் செய்ய வேண்டும். அதுவரை ஒரு தாளைக்கூட வெளியே விடக்கூடாது. குப்பத்தில் கழிவுக்கு வேறு முறை. வலையை உதறினதும் நல்ல மீன் ஒரு பக்கம், கழிவு மீன் ஒரு பக்கம். கோழித் தீவனத்துக்கு வாங்குகிறவன் வந்து நிற்பான். கழிவைக் குவித்து அவனுக்கு எடைக்குப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த கழிவு அதுதான்.

ஆகவே கிழிந்த புத்தகங்களைக் கழிவு பண்ணினாள். எடைக்குப் போட்டாள். வந்த காசில் நூலக அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கினாள்.

பழைய பேப்பர்காரனிடமிருந்து அது சுண்டல் விற்கிறவனிடம் போனது. கொஞ்ச நாளில் மேல் அலுவலகத்து ஆய்வாளர் குடும்பத்தோடு மாமல்லபுரம் வந்து, கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறார். தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஊதா மையில் நூலக முத்திரை, குப்பத்தின் பேரோடு. பேரன் பேத்தி காலம் வரைக்கும் சிரிக்க வேண்டிய சமாசாரம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கச் சொத்தை விற்றுவிட்டாள் என்று விசாரணை போட்டார்கள்.

அடுத்த சம்பள நாளில் ஆய்வாளர் வந்தார். வெளியே படியில் மற்ற பகுதிநேரக்காரர்கள் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். உள்ளே அவள் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் நேராக உள்ளே போனேன்.

"நீங்க யாரு?" என்றார் ஆய்வாளர்.

"வாசகர் வட்டத் தலைவரு."

அவர் என் வேட்டியிலிருந்த செங்கல் தூளைப் பார்த்தார். "என்ன மாதிரி புத்தகமெல்லாம் வாசிப்பீங்க?"

"நான் வாசகர் இல்ல சார். வட்டம்."

கிளை நூலகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமல் மாதிரி மறைத்துக்கொண்டார். ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார். "சுற்றறிக்கை வந்த பிறகு இப்படிச் செஞ்சிருக்கீங்க. வேலையில வச்சிருக்க முடியாதும்மா."

"கழிவு பண்ணச் சொன்னாங்கோ சார். பண்ணேன்" என்றாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"இரு சார்" என்று நான் வாசலுக்குப் போனேன். படியில் உட்கார்ந்திருந்தவர்களைக் கூப்பிட்டேன். "எல்லாம் உள்ள வாங்க. ஒரு வார்த்த கேக்கறேன், ஆளுக்கு ஒரு பதில் சொல்லுங்க. கழிவுன்னா இன்னா?"

மளிகைக் கடையும் வைத்துக்கொண்டு நூலகமும் பார்த்த ஒருவர் முந்திக்கொண்டார். "புக்கு வாங்கறப்ப கம்பெனிக்காரன் விட்டுக் குடுப்பானே, அந்தத் தள்ளுபடி."

"அது இல்லண்ணா, கிழிஞ்சத தனியா கட்டி வைக்கறது" என்றாள் இன்னொரு பெண். "நான் கட்டி மூலையில வச்சுகீறேன் சார். கரையான் ஏறிடுச்சு. இன்னா பண்றதுன்னு யாரும் சொல்லல."

"கழிவறை கட்டப் போறாங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றார் வயசான ஒருவர். "எங்க நூலகத்துல ஒண்ணு கேட்டு ரொம்ப நாளா எழுதிப்போட்டுகினு கீறேன்."

கடைசியில் நின்றவர், "அப்படி ஒண்ணு வந்துதா?" என்று கேட்டார்.

முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு அதுவே அடங்கியது. பட்டியல் போட்டு மேலே அனுப்ப வேண்டும் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளை நூலகர் எழுந்து நின்றார். "நான் சொன்னேன் சார். அது சத்தியம். போய்ச் சேர்ந்துதான்னு கேக்கல. அதுவும் சத்தியம்" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் கடைசி வரைக்கும் சார் என்றுதான் கூப்பிட்டேன்.

வேலை தப்பியது. புத்தக விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, எச்சரித்து மன்னிப்பதாக உத்தரவு வந்தது. நான் ஜெயித்துவிட்ட தோரணையில் பஸ் நிறுத்தத்தில் போய் அவளிடம் சொன்னேன். "பாத்தியாம்மா? நான் உள்ள வரலன்னா உன் சாவி மேஜ மேலயே இருந்திருக்கும்."

"ஆமாண்ணா" என்றாள். பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுட்டேன்னுதானே எழுதிகீறாங்கோ. தப்பு இல்லன்னு எழுதலயே."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். என் தோரணையை நான் நடந்தே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

குப்பத்தில் கொஞ்ச நாள் 'சுண்டல் அக்கா' என்று கூப்பிட்டார்கள். ஏலத்தில் அவள் வந்தாலும் கெட்ட வார்த்தை நிற்கவில்லை.

அடுத்த சம்பள நாளில் நான் ஆரம்பித்தேன். யாரையும் கேட்கவில்லை. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சு போட்டேன், நாஸ்தாவுக்கு இட்லி வடை சொன்னேன். "யாரும் பஸ்ஸுக்கு ஓட வேணாம். என் வேன் உங்களைக் கடலோரம் வரைக்கும் கொண்டுபோயி விடும். ஆனா சொல்றத கேட்டு, திருப்பிச் சொன்னவங்களுக்குத்தான் வேன்ல எடம்" என்றேன். கிளை நூலகர் பலகையிலிருந்து சுற்றறிக்கையைக் கழற்றி எடுத்து வந்து படிப்பார். படித்ததும் நான் ஒவ்வொருத்தராகக் கைகாட்டுவேன். அவர்கள் சுற்றறிக்கையில் இருக்கிற வார்த்தையைச் சொல்லக்கூடாது. நாளைக்குக் காலையில் கதவைத் திறந்ததும் கையால் என்ன செய்யப் போகிறார்கள் என்று அவர்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் சார் திருத்துவார், மறுபடி சொல்ல வேண்டும். எனக்கும் புரிந்தால்தான் அது முடிந்த மாதிரி. என்னைவிடக் குறைச்சலாகப் படித்தவர் அந்தக் கூடத்தில் யாரும் கிடையாது. ஆகவே அளவுகோல் நான்தான்.

உறுப்பினராகச் சேருகிற முறை மாறியபோதும் அப்படித்தான் சொன்னோம், படிக்க வர முடியாதவர்களுக்கு வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று வந்தபோதும் அப்படித்தான். இரண்டாயிரம் பிறந்து கம்ப்யூட்டர் வந்தது. வாசகர் கேட்டால் வலைத்தளத்தைக் காட்ட வேண்டும் என்று சார் படித்தார். அவள் கை தூக்கினாள்.

"எங்க ஊர்ல வலத்தளம்னா வல ஒலத்துற எடம் சார். அதக் காட்டறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? சன்னல தொறந்தா போதும்."

கூடமே சிரித்தது. அந்த விசாரணைக்கப்புறம் அவள் தமாஷாக ஒன்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு அவளே திருப்பிச் சொன்னாள், சரியாகச் சொன்னாள்.

ஆனால் கழிவு என்ற பேச்சு வந்தால் மட்டும் அவள் வாய் மூடிக்கொள்ளும். அந்த முறையை எத்தனையோ தடவை கூட்டத்தில் சொல்லியாயிற்று. அவள் ஒரு புத்தகத்தையும் பிரித்தெடுக்க மாட்டாள். மைதா காய்ச்சி ஒட்டுவாள், ஒட்டினதன் மேல் ஒட்டுவாள். புத்தகம் பிதுங்கி அவள் அலமாரி மூடாமல் போனது. அந்தப் பூட்டு சும்மா தொங்கியது. "இப்பதான் முறை தெரிஞ்சுபோச்சேம்மா" என்று நான் ஒருதரம் சொன்னேன். "தெரியும்ணா. எனக்குக் கழிவு வேணாம்" என்றாள். வேலையிலிருந்து விலகும் வரைக்கும் அப்படித்தான்.

அவள் விலகின பிறகுதான் மேல் அலுவலகம் விழித்துக்கொண்டது. இனி எல்லாக் கிளையிலும் சம்பள நாளில் பணியாளர் தகவல் கூட்டம் நடக்கும் என்று அறிவித்தார்கள். தொடக்க விழா என் மண்டபத்திலேயே வைத்தார்கள். புதிதாக வந்த அதிகாரி வெளியூர்ப் பயிற்சியில் கற்றுவந்த முறை என்று மேடையில் பேசினார்கள், கையேட்டிலும் அப்படியே அச்சடித்தார்கள். என்னைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மைக்கில் சொன்ன வார்த்தை, 'கட்டட உரிமையாளர்'. அவளுக்கு அழைப்பே போகவில்லை.

சால்வையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நல்ல சால்வை. ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை.

என் கட்டடத்துக்காக யாரும் என்னைப் புகழ வேண்டாம், அதைக் கல்லே சொல்லும். கையேட்டை அடுத்த முறை அச்சடிக்கும்போது இரண்டு வரி சேர்க்க வேண்டும். முதல் வரி: இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தது இந்தத் திருக்கழுக்குன்றத்துச் செங்கல் சூளைக்காரன், முழுப் பேரோடு. அதன் கீழே, என் பேருக்குக் கீழே, அந்தக் குப்பத்துப் பெண்ணின் பேரை எழுதி, அன்றைக்கு அவள் செய்தது தப்பு இல்லை, அவளுக்குச் சரியாகச் சொல்லாததுதான் தப்பு என்று போட வேண்டும். மன்னித்தோம் என்ற வார்த்தை அதில் இருக்கக்கூடாது.

கண் மங்கிவிட்டதாம் அவளுக்கு. யாராவது படித்துக் காட்டினால் திருப்பிச் சொல்கிற அளவுக்கு ஞாபகம் இருக்கிறது. அது இருக்கும்போதே போடுங்கள்.