குசினிக் கூரை போட்ட லொறி

என் அப்பா ஸ்ரனிஸ்லாஸ் கொட்டாஞ்சேனைக்காரர். யுத்த காலத்தில் ஆமி வேக்சொப்பில் பிற்றர். யப்பான்காரன் குண்டு போட்ட அன்று ஊரே வத்தளைப் பக்கம் ஓட, அவர் ஒரு லொறிக்கு அடியில் படுத்து நட்டு இறுக்கிக்கொண்டிருந்தாராம். "அவ்வளவு தைரியமோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, எஞ்சின் சத்தம் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

யுத்தம் முடிய வேலையும் முடிந்தது. அடுத்த வருசம் ஆமி தன் பழைய லொறிகளை ஏலத்தில் தள்ளியது. பழைய இரும்பு விற்கிற மஷூர் நானா ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"அமெரிக்கன் சாமான், ஸ்ரனிஸ்லாஸ். நாலு சில்லும் சேந்து இழுக்கும். கொற ரெண்டுதான் ஈக்கிது. பின்னுக்குக் கூரை இல்ல, ஸ்டியறிங் எடப்பக்கம்."

அப்பாவுக்குப் புத்தளத்துக்கு அங்கால் தலவிலக் கடற்கரையில் இருக்கிற புனித சந்தன்னம்மாள் கோயில்தான் கண்ணுக்குள் நின்றது. ஓகஸ்ட் திருநாளுக்குப் போகிற சனத்தை வருசாவருசம் பஸ் மணலில் இறக்கிவிட்டுப் புதைந்து நிற்கும். இந்த லொறி என்றால் கோயில் வாசலிலேயே இறக்கலாம். ஸ்பிறிங்கை உயர்த்தினார். பெரிய ரயர் போட்டார். பின்னால் சனம் இருக்க இரண்டு வரிசை வாங்கு அடித்தார். ஸ்டியறிங் மட்டும் இடம் மாற மாட்டேன் என்றது. கூரைக்குத் தகரம் கொழும்பு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் அம்மா மதலேனம்மா அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சமைக்கக் குசினிக்குள் போய் நின்று மேலே பார்த்தா. ஆகாயம் தெரிந்தது. தகரம் லொறியில் இருந்தது.

அன்றைக்கு மூடின வாய்தான். மழை வந்தது. ஒரு கையில் குடை, மற்றக் கையில் அகப்பை. அப்பாவோடு ஒரு சொல் இல்லை. அவர் தென்னோலைக் கிடுகு போட்டு மூடிக் கொடுத்தார், அதுக்கும் இல்லை.

நடுவில் தபால்காரி நான். கொன்வென்ற் மணியின் நாக்கைக் கழற்றினது நான்தான் என்று கண்டுபிடித்துக் கன்னியாஸ்திரிமார் ஏழாம் வகுப்போடு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்ததால், வேறு உத்தியோகம் இருக்கவில்லை. "சோறு கிடக்கு, கொட்டுறதெண்டாக் கொட்டச் சொல்லு" என்று அம்மா சொல்லுவா. "உங்களுக்கெண்டு மீன் பொரிச்சு வைச்சிருக்கிறாவாம் அப்பா" என்று நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். பாவம், சட்டியைத் திறந்து மீன் தேடுவார்.

லொறிக்கு அடியில் ஸ்பானரைப் பிடித்தபடி சும்மா கிடப்பார். குனிந்து பார்த்தால், அம்மா சட்டி பானையை ஏசுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஏச்சில் ஒன்று தனக்கு விழாதோ என்று.

ஓகஸ்ட் வந்தது. திருநாளுக்குப் போகப் பன்னிரண்டு பேர் பின்னால் ஏறினார்கள். நேர்த்திக்கடனுக்காகத்தான் வாறாவாம், லொறிக்காக இல்லையாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு அம்மா முன்னால் வலப்பக்கம் ஏறினா. நடுவில் நான்.

இடப்பக்கம் இருந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகிற வண்டியின் முதுகு மட்டும்தான் தெரியும். வலப்பக்கம் இருக்கிறவர் எட்டிப் பார்த்துச் சொன்னால்தான் முந்தலாம். வத்தளை தாண்ட, தும்பு ஏற்றின ஒரு மாட்டுக் கரத்தை முன்னால் ஊர்ந்தது.

"திரேசு, முன்னுக்குப் பாதை வெளியோ எண்டு உன்ர அம்மாட்டக் கேள்."

"அம்மா, வெளியோவாம்."

"வெளி எண்டு சொல்லு."

"வெளியாம் அப்பா."

அதுக்குள் எதிரே பஸ் வந்துவிடும். மாட்டுக்குப் பின்னால் ஏழு மைல். பின்னால் ஒரு செபமாலை முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. கரத்தைக்காரன் திரும்பிப் பார்த்து, "மாத்தயா, கயிறு தரட்டோ? கட்டி இழுக்கிறன்" என்று சிங்களத்தில் கேட்டான்.

நீர்கொழும்பில் எனக்குத் தலை சுற்றிச் சத்தி வருகிறது என்று பொய் சொல்லிப் பின்னால் போய், சின்ன ஜன்னலில் காதை வைத்தேன். அடுத்த கரத்தை வந்தது. பிறகு அம்மாவின் குரல்.

"சந்தன்னம்மாளே, முன்னுக்கு வெளியாக் கிடக்கு."

அப்பாவும் முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "சந்தன்னம்மாளே, வடிவாப் பாத்துத்தான் சொல்லுறதோ?" என்றார்.

"நான் களவும் எடுக்கிறேல்லை தாயே, பொய்யும் சொல்லுறேல்லை."

முந்தினோம். புத்தளம் வரைக்கும் அந்தப் புனிதைக்கு மூச்சுவிட நேரமில்லை.

மணல்பாதை தொடங்கியது. நின்றால் புதையும் என்று அப்பா வேகம் எடுத்தார். ஒரு கரத்தையை முந்த வலப்பக்கம் எடுக்கிறார். அதுக்கு முன்னால் ஒரு பஸ் பாதைக்குக் குறுக்கே புதைந்து நிற்கிறது.

"சந்தன்..." என்று தொடங்கினா அம்மா. நேரம் காணாது.

"வலப்பக்கம் வெட்டடா மனிசா!"

மூன்று மாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கிடைத்த முதல் வசனம், 'டா'வோடு. வெட்டினார். லொறி பாதையை விட்டிறங்கி, பற்றைக்குள் விழுந்து, நாலு சில்லாலும் மணலைக் கிளறி, பஸ்ஸைச் சுற்றி மறுபக்கம் ஏறியது. பஸ்காரச் சனம் கைதட்டியது. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை. அம்மா தொடங்கிவிட்டா.

"கேட்டனீரோ? தகரத்தைக் கழட்ட முதல் ஒரு சொல்லுக் கேட்டனீரோ? குடையோட சமைச்ச பொம்பிளை இந்தக் கொழும்பில வேற ஆர்?"

"ஓம்" என்றார் அப்பா. முகத்தைப் பார்க்கவேணும், பூசையில் நன்மை வாங்கினவர் மாதிரி.

"ஓமாம்! ஓம் எண்டாத் தகரம் வந்திடுமோ?"

"ஓம்... இல்லை."

கோயில் கோபுரம் வந்தது, போனது. பின்னால் பன்னிரண்டு பேரும் தகரத்தில் அடித்துக் கத்தினார்கள். அவர் காது வேறு இடத்தில். அலை வந்து முன் சில்லில் அடித்த பிறகுதான் பிறேக் பிடித்தார். எஞ்சினை நிப்பாட்டினார். சனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது.

அம்மா இறங்கவில்லை. ஏச்சில் அவ இன்னும் ஜூன் மாத மழைக்கு வரவில்லை. மே மாதக் கடைசிக் கிழமையில்தான் நின்றா.