காயாத படம்

ஓடும் தண்ணீரை வெள்ளையால் வரையப் பார்க்கிறவர்கள் தோற்றுப்போவார்கள். நானும் தோற்றவன்தான். தண்ணீருக்கு அடியில் இருப்பது இருட்டு: பாசி பிடித்த கல், அழுகிய இலை, பழுப்பு மண். அதை முதலில் தீட்டிக் காயவிட்டு, கடைசியில் நுரைக்கு மட்டும் வெள்ளையைத் தொட வேண்டும். ஈரத்தின் மேல் தேய்த்தால் வெள்ளை சாம்பலாகிவிடும். இதெல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் கோப்பை கழுவி, வத்தளையில் கடைப் பலகை எழுதி, எங்கேயும் ஒரு வருஷம் முழுதாகத் தங்காதவனுக்கு வேறு வாத்தியார் ஏது?

அந்த வீடியோக்காரர்கள் வட்டவளை மழையைப் பார்த்ததில்லை. இரண்டு நாள் காயவிடச் சொல்கிறார்கள். இங்கே ஆடி மாதம் துவைத்த சட்டையே ஒரு வாரம் ஈரமாகத் தொங்கும். நானுஓயாவில் ஒரு விடுதிக்கு ஓடைப் படம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பத்து நாளாகியும் டர்பன்டைனில் கரைத்துப் போட்ட எண்ணெய் அடிவண்ணம் விரலில் ஒட்டியது.

அப்போது தங்கையின் வீட்டில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் லயத்து அறையில் இருந்தேன். அவள் கணவர் தோட்டத்து ஃபேக்டரியில், தேயிலை காயவைக்கும் எந்திரத்தின் அடுப்புக்கு விறகு போடுகிறவர். படத்தை அடுப்புப் பக்கம் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று அவரே சொன்னார். சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தோம்.

தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். அது இருவருக்கும் தெரியும். ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டோம்.

மறுநாள் காலை படத்தைப் பார்க்கப் போனேன். ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் உள்ளே வந்து, அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா இது, தின்னர் வாடை?"

"என்னோடது ஐயா. நான்தான் தெரியாம கொண்டாந்து வச்சேன். மாப்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் நம்பவில்லை. அன்று காலை இறங்கிய தூளில் வாடை இருந்தால் விறகு போடுகிறவரைக் கணக்கு முடித்து அனுப்புவேன் என்றார். வேலை போனால் லயத்து அறையும் போகும். தங்கைக்கு அப்போது ஏழு மாதம்.

தூளை எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, சாயத்தை வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றினார். கரண்டியால் சத்தமாக உறிஞ்சித் துப்பினார். மறுபடி உறிஞ்சினார். அவர் துப்பிய வாளியையே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் ஒரு கோப்பையை நீட்டினார் டீமேக்கர். குடித்தேன். ஒன்றும் தெரியவில்லை, டர்பன்டைனோடு புழங்கி என் மூக்கு செத்து வருஷங்களாகிவிட்டது.

"தப்பிச்சீங்க" என்றார், மாப்பிள்ளையைப் பார்த்து. பிறகு என் படத்தைக் காட்டி, "இதுக்கா இவ்வளவும்? குட்டை மாதிரி நிக்குது."

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து வண்ணக் கத்தியால் முழுவதையும் சுரண்டினேன். இனி எதையும் காயவிடுவதில்லை என்று முடிவு செய்தேன். லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில், சாரல் படாத மூலையில் நின்று, இருட்டைப் போட்ட கையோடு கத்தி நிறைய வெள்ளை எடுத்து, தண்ணீர் போகும் பக்கமே ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒரு முறை இழுத்த இடத்தை மறுபடி தொடவில்லை. அடிவண்ணம் கொஞ்சம் கலந்து கூடவே வந்தது. அதுதான் தண்ணீரை ஓட வைத்தது. காற்றில் சட்டம் ஆடாமல் மாப்பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் ஓடை கல்லைச் சுற்றி இறங்கிவிட்டது. ஈரத்தோடுதான் ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றுவரை அப்படித்தான் வரைகிறேன்.

சட்டத்தைப் பிடித்த மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் நின்று கைக்கு மூன்று முறை சவுக்காரம் போட்டார். பிறகு உள்ளே வந்து இரண்டு கையையும் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்த்தாள்.

"போங்க. சவுக்கார வாசம்தான்."

அவர் கதவு வரை போய், திரும்பி வந்து, இன்னொரு முறை நீட்டினார்.