சோற்றுப்பெட்டி பெடலும் ஈரக்காலும்

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில் பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ரெகுலர் காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, ரெகுலர் காலேஜில் வேலை கிடைக்காதவர்கள் பாடம் நடத்தும் ஓலைக்கொட்டகை அது. ஆசிரியருக்கு அறிவு இருக்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை. ஷூ போட்டிருக்கிறாரா என்று மட்டும் பிரின்சிபால் வாசலில் நின்று பார்ப்பார். அதனால் நான் எப்போதும் ஷூவோடு திரிந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் எங்கள் வேதக்கோயிலில் ஓர் ஆள் சாக இருந்தான், நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை, எல்லாம் காலில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்திருந்தது.

எங்கள் சபையின் பாடகர் குழுவில் கிதாரில் கோர்டு பிடிக்கத் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. தனியாக ஒரு வரி வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே என்னோடு பள்ளியில் படித்த நண்பனைக் கூட்டிவந்தேன். அவன் அம்பலத்துக்கு, அதாவது இந்துக்கோயிலுக்கு, அடுத்த வீட்டுக்காரன். பகலில் தையல் கடையில் சட்டைக்குக் காலர் வைப்பான். மற்ற நேரமெல்லாம் திருவிழாக்களில் பாடும் ஏதாவது ஒரு கானமேளா ட்ரூப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருப்பான். அவனுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமி இருக்கும் இடத்துக்கும் குளிக்காமல் போகமாட்டான். பயிற்சிக்கு வரும்போது வாய்க்கால் தோட்டில் முங்கி எழுந்து, நெற்றியில் சந்தனம் வைத்து, செருப்பை வாசலில் கழற்றி, ஈரக்காலின் தடம் சிமெண்ட் தரையில் பதிய நடந்து வருவான். எங்கள் ஆட்களே இவ்வளவு பயபக்தியோடு வருவதில்லை என்று பாடகர் குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டுவார். அவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்.

அவனுக்காக நான் ஒரு பெடல் செய்தேன். கிதாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும் பெட்டி. காலால் மிதித்தால் கிதாரின் சத்தம் கரகரவென்று தடித்து வரும். ஒரு மாத இதழில் வந்த வரைபடத்தைப் பார்த்து, நெய்யாற்றின்கரையில் இரண்டு டிரான்சிஸ்டரும் கொஞ்சம் கப்பாசிட்டரும் வாங்கி, என் அலுமினியச் சோற்றுப்பெட்டிக்குள் வைத்துப் பற்றவைத்தேன். உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி. நன்றாகத்தான் வேலை செய்தது. கூடவே ஒரு இரைச்சலும் வந்தது. மூடிய அறைக்குள் ஒரு பெரிய வண்டு சுற்றுவதைப்போல, நிற்காத ஓர் அடித்தொண்டை முனகல்.

நான் கிதாரைத் தொட்டால் அது முனகும். நண்பன் கம்பியில் கை வைத்தால் நின்றுவிடும்.

ஒரு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். கப்பாசிட்டர்களை மாற்றினேன். பற்றவைத்ததையெல்லாம் எடுத்து மறுபடியும் பற்றவைத்தேன். பெட்டியின் உள்பக்கம் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை ஒட்டினேன். புகை பிடிக்காத நான் வெற்று சிகரெட் பெட்டிகளைப் பொறுக்கியது சபையில் வேறு ஒரு பேச்சுக்கு வழிவகுத்தது. எதைச் செய்தாலும் முடிவு ஒன்றுதான்.

“பெட்டியில பிசகு இல்ல சாரே,” என்றார் தலைவர். “தொடுற ஆளுலயாக்கும் பிசகு. அவன் குளிச்சு சுத்தமா வாறான். நீங்க?”

“நானும் குளிக்கத்தான் செய்யுதேன்.”

“வெளிய குளிச்சா போதுமா?”

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நண்பன் மட்டும் சிரிக்காமல் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எலே, நீ தொட்டா அது அழுது கரையுது. நான் தொட்டா அடங்குது. அதுக்கு ஆளு தெரியும் மக்கா.”

அப்படியே ஒரு வழக்கமும் உண்டாகிவிட்டது. இரைச்சல் கேட்டால் கம்பியில் உள்ளங்கையை அழுத்து. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கையை எடுக்காதே. அவன் அதைத் தூக்கத்தில்கூடச் செய்யும் அளவுக்குப் பழகிக்கொண்டான்.

ஒருநாள் பயிற்சி முடிந்து கிதாரை உறையில் வைக்கும்போது சாதாரணமாகச் சொன்னான்: “வெரல்ல ஒரு தரிப்பு உண்டு. எறும்பு ஊருற கணக்கு. அது வந்தாத்தான் பாட்டு நல்லா வருது.”

கலைஞர்களுக்கு அப்படியெல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலையில்தான் மின்னோட்டம் எப்போதும் தரைக்குப் போக வழி தேடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்.

காலேஜ் விடுமுறை நாள் ஒன்றில் ஷூ போடாமல் பயிற்சிக்குப் போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன். நண்பன் வரத் தாமதமானதால் கிதாரை நானே எடுத்தேன். பெடலை மிதித்தேன். இரைச்சல் இல்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தால் முனகியது, வைத்தால் அடங்கியது. என் விரல் நுனியிலும் எறும்பு ஊர்ந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. என் பரிசுத்தத்தின் அளவு எனக்குத் தெரியும். அதைக் கண்டு எந்தக் கருவியும் அடங்காது.

சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை எடுத்துக் கம்பியின்மேல் வைத்தேன். உள்ளே இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. பெடலின் வயரைப் பிடுங்கிவிட்டு டெஸ்டரை ஆம்ப்ளிபயரின் இரும்பு உடம்பில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது.

பெடலில் ஒரு கோளாறும் இல்லை. சபை ஒரு மைக்செட்காரரிடம் பழையதாக வாங்கிய ஆம்ப்ளிபயர் அது. இரண்டு முள் ப்ளக், எர்த் கிடையாது. உள்ளே எங்கோ கரண்ட் கசிந்து அதன் உடம்புக்கு வந்து, வயர் வழியாகக் கிதார்க் கம்பிவரை வந்து நின்றது. ரப்பர் ஷூ போட்டவன் தொட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை, ஆகவே முனகியது. வெறுங்காலோடு ஒருவன் தொட்டால் அவன் வழியாகத் தரைக்கு இறங்கியது, ஆகவே மௌனமானது. ஒரு மாதமாக நாங்கள் மெச்சிய அமைதி அவன் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் டெஸ்டரை வாங்கி ஆம்ப்ளிபயரில் வைத்துக் குனிந்து பார்த்தார். “இத்தினிப்போல வெளிச்சமாக்கும். இதுக்கு ஒரு ஆளு சாவானா?”

“இன்னைக்கு சாவமாட்டான் சார். தரை காஞ்சு கெடக்கு.”

ப்ளக்கைத் திருப்பிச் செருகிப் பார்த்தோம். கசிவு கரண்ட் இல்லாத நியூட்ரல் பக்கம் போனதால் டெஸ்டர் அணைந்தது. இரைச்சலும் பாதிக்குமேல் குறைந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்ததும் பழுதுபார்க்கக் கொடுக்கலாம், அதுவரை ப்ளக்கை இந்தப் பக்கமாகவே மாட்டலாம் என்று முடிவாயிற்று. தாமதமாக வந்த நண்பனிடம் இதை விளக்க யாருக்கும் தோன்றவில்லை. மேலே வரவேண்டிய பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு வைத்தால் அபாயம் தீர்ந்தது என்று நம்புவதற்கு நான் படித்த பிசிக்ஸ் ஒரு தடையாகவே இல்லை.

அறுப்பின் பண்டிகை அன்று ஆலயத்தின் முன்பகுதி முழுவதும் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் பலாக்காயும் குவிந்து கிடந்தன. ஆராதனைக்குச் சற்று முன்புதான் பெண்கள் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். போதாததற்கு, காணிக்கையாக வந்த கீரைக்கட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிச் சிறிய ஓடையாகப் பாடகர் குழுவின் பக்கம் வந்துகொண்டிருந்தது. நண்பன் அதன் நடுவில் நின்றான், வெறுங்காலோடு, தலைமுடி உலராமல். உதியன்குளங்கரையிலிருந்து ட்ரூப்காரர் ஒருவர் அவன் வாசிப்பைக் கேட்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ப்ளக்கை நான்தான் மாட்டினேன், பொட்டு மேலே. டெஸ்டர் எரியவில்லை. முதல் பாட்டு நன்றாகப் போயிற்று.

சாயங்காலப் பவர்கட் வந்தது. விளக்கெல்லாம் அணைந்தது. பின்பக்கம் பலாமரத்தடியில் வைத்திருந்த வாடகை ஜெனரேட்டரை அதன் ஆள் இழுத்துக் கிளப்பினான். விளக்குகள் மஞ்சளாக நடுங்கி எரிந்தன.

உடனே இரைச்சல் வந்தது. பழைய இரைச்சலேதான், முன்னைவிடப் பெரிதாக. ஜெனரேட்டர்காரன் வயரை எந்தப் பக்கம் கொடுத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பொட்டு மேலேதான் இருந்தது. கரண்ட் பக்கம் மாறியிருந்தது.

நண்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக் கேட்டதும் துண்டைத் தோளில் போட்டான். சபையே அவனைத் திரும்பிப் பார்த்தது. முகத்தில் சங்கடமே இல்லை. இதை அடக்கத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்ற நிதானத்தோடு, வலது உள்ளங்கையை விரித்துக் கம்பியை நோக்கிக் கொண்டுபோனான்.

கத்தினால் ஏன் என்று பார்ப்பான், கை நிற்காது. ப்ளக் அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. ஆம்ப்ளிபயரில் செருகியிருந்த கிதார் வயர்தான் எனக்கு எட்டும். அதைப் பிடித்து இழுத்தேன். ஸ்பீக்கரில் வெடிபோல ஒரு சத்தம் கேட்டது. என் தோள் இடித்து ஒரு வாழைக்குலை சரிந்து விழுந்தது. அவன் கை கம்பியில் போய் உட்கார்ந்தபோது அதில் ஒன்றுமில்லை.

பாடகர் குழு கிதார் இல்லாமலே அடுத்த பாட்டைப் பாடி முடித்தது. வெளியே வந்ததும் அவன் என் சட்டையைப் பிடித்தான்.

“எனக்குத் தனியா வாசிக்க ஒரு பாட்டுதான் உண்டு. அதையும் நீ விடல.”

“எலே, கரண்ட் திரும்பியாச்சு. தொட்டிருந்தா போயிருப்பே.”

“ஒரு மாசமாத் தொடுதேன். போனனா?”

பேச்சுக்குப் பதிலாக டெஸ்டரைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். ஆம்ப்ளிபயரில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். தரையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். டெஸ்டரைத் திருப்பித் தந்தான். ட்ரூப்காரர் அதற்குள் பஸ் ஏறியிருந்தார்.

எங்களுக்குள் பேச்சு நின்றது. இரண்டு வருடம் கழித்து வேறொரு ட்ரூப் அவனை எடுத்துக்கொண்டது. கள்ளிக்காட்டுப் பக்கம் ஓர் அம்பலத் திருவிழாவில் அவன் வாசிப்பதாகக் கேள்விப்பட்டு, சொல்லாமல் போய்க் கூட்டத்தில் நின்றேன். மேடையில் அவன் வெறுங்காலோடு இருந்தான். அம்பலம் அல்லவா, குளித்துவிட்டுத்தான் வந்திருப்பான். பாட்டு முடியும்போதெல்லாம் உள்ளங்கை தானாகக் கம்பியில் போய்ப் படிந்தது. ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட இல்லை.

மேடைக்குப் பின்னால் போய் மைக்செட்காரரிடம், ஆம்ப்ளிபயருக்கு எர்த் உண்டா என்று கேட்டேன்.

அவர் என்னை ஷூவிலிருந்து தலைமுடிவரை பார்த்தார். “சாரு கரண்டு ஆபீஸா?”

“இல்ல, காலேஜு மாஷாக்கும்.”

“அப்பம் போயி பாட்டு கேக்கு.”

முன்பக்கம் வந்தேன். அந்த அமைதி நல்ல ஆம்ப்ளிபயரால் வந்ததா, அவன் உடம்பால் வந்ததா என்று கீழே நின்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து அவன் கிதாரைத் தோளிலிருந்து இறக்கி உறையில் வைக்கும்வரை அவன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.